ஒரு கிராம் பிசகாத எடைக்கல்

இன்னிக்கு விவசாயம் இல்லை. 44,100 என்கிற ஒரு நம்பரைப் பத்தி எழுதப் போறேன்.

நீங்க சிடியில் கேட்ட பாட்டு எதுவானாலும், ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதி வச்ச எண்களின் வரிசைதான் அது. இன்னிக்குப் போன்ல ஓடுற பாட்டுலயும் பெரும்பகுதி அதே கணக்குதான். ஏன் 40,000 இல்லை, ஏன் 45,000 இல்லை? பதில் ஒரு வீடியோ டேப்புக்குள்ள இருக்கு. கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

இந்தப் பேச்சு வந்ததுக்குக் காரணம் பெங்களூர்ல இருக்கிற என் சித்தப்பா மகன். இந்தத் தடவை நிலக்கடலை ஓரளவு கை கொடுத்துச்சு, வீட்டு பாட்டு செட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணலாம்னு இருக்கேன்னு அவன்கிட்ட வாய் விட்டேன். "அண்ணே, மத்ததெல்லாம் அப்புறம். மொதல்ல நல்ல டாக் ஒண்ணு வாங்கு. 60,000 ரூபாய்க்கு ஒண்ணு இருக்கு, பாட்டே வேற மாதிரி கேக்கும்"னான். 60,000 ரூபாய் எங்க வீட்டுல ஒரு கறவை மாடு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டி எங்கிருந்து வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு படிக்க உட்கார்ந்தேன். படிச்சது மாட்டை விட சுவாரசியமா இருந்துச்சு.

டாக் என்பது டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர். எண்ணை வாங்கி மின்சாரமாக மாற்றித் தரும் வேலை. அந்த மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்க, ஸ்பீக்கர் அதைச் சத்தமாக்கும். உங்க போன், டிவி, லேப்டாப் எல்லாத்துக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. தனிப் பெட்டியாக விற்பது அதையே கொஞ்சம் கவனமாகச் செய்வது.

ஒலியை எண்ணாக்குவது எப்படி என்பதற்கு எங்க கிணறு போதும். தினமும் காலையில் தண்ணி மட்டத்தை அளந்து சுவத்துல எழுதி வச்சா, ஆறு மாசம் கழிச்சு அந்தப் புள்ளிகளைக் கோடா இழுத்துப் பார்க்கலாம். மட்டம் மெதுவா ஏறி இறங்குற வரைக்கும் அந்தக் கோடு பொய் சொல்லாது. ஆனா மதியம் மோட்டார் போட்டு, மட்டம் இறங்கி, சாயங்காலத்துக்குள்ள ஊறிடுச்சுன்னா சுவத்துல அது தெரியவே தெரியாது. எவ்வளவு வேகமா மாறுதோ, அதைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்கு மேல அளக்கணும். அப்படி அளந்தா இடையில் உள்ளதை ஒன்றும் விடாமல் திரும்ப வரைந்துவிடலாம். இதைக் கணக்காகவே நிரூபிச்சவங்க இருக்காங்க. ரஷ்யாவில் கொடெல்னிகாவ் 1933-லும், அமெரிக்காவில் கிளாட் ஷானன் 1949-லும் எழுதினார்கள். மனுசக் காது கேட்கும் உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வு. அப்ப 40,000 தடவைக்கு மேல அளக்கணும். இது வரை சரி.

இந்த யோசனை பாட்டுக்காகப் பிறந்ததே இல்லை, டெலிபோனுக்காகப் பிறந்தது. அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் பாரிசில் ஐடிடி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். தூரத்துக்குப் போகப் போக டெலிபோன் லைனில் இரைச்சல் சேர்ந்துகொண்டே போகும், பெருக்கினால் இரைச்சலும் பெருகும். குரலையே அனுப்பாமல் குரலை அளந்த எண்களை அனுப்பினால்? எண் எண்ணாகவே போய்ச் சேரும், இரைச்சல் ஒட்டாது. 1938-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கினார். ஆனால் அன்றைக்கு இருந்தது வால்வுகள்தான். ஒரு குரலுக்கே அலமாரி அலமாரியாக வால்வு வேணும். காகிதத்தில் இருந்ததோடு சரி.

போர்தான் அதை வெளியில் எடுத்தது. சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அட்லாண்டிக் கடலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பு இல்லாமல் பேச வேண்டும். பெல் ஆய்வுக்கூடம் சிக்சாலி என்ற இயந்திரத்தைக் கட்டியது. குரலை எண்ணாக்கி, ரகசிய எண்களைக் கலந்து அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்து மறுபடி குரலாக்கும் கருவி. 1943 ஜூலையில் வேலைக்கு வந்தது. ஒரு நிலையத்தின் எடை 50 டன்னுக்கு மேல். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையின் நிலவறையில் வைத்திருந்தார்கள். இன்னிக்கு உங்க இயர்போன் வயரின் நுனியில், கடலைப்பருப்பு அளவில் உட்கார்ந்திருக்கும் சிப்புக்குப் பூட்டன் அதுதான்.

பாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் ஜப்பான் வானொலிக்காரர்கள். என்எச்கே-யின் ஆய்வுக்கூடம் 1967-ல் ஒலியை எண்ணாகப் பதியும் கருவியைச் செய்தது. அந்த வேலையை நடத்திய ஹெய்தாரோ நகாஜிமா பிறகு சோனிக்குப் போனார். அங்கே அவருக்கு முன்னால் நின்ற தொல்லை, இத்தனை எண்களை எதில் எழுதி வைப்பது என்பது. நொடிக்கு 40,000-க்கு மேல், இரண்டு காதுக்கும் தனித்தனியாக. கம்ப்யூட்டர் டிஸ்க் எல்லாம் யானை விலை. கைக்கு எட்டினது வீடியோ டேப் ரெக்கார்டர்தான். படம் பதிகிற டேப்பில் படத்துக்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக எண்களைப் பதிந்தார்கள்.

இங்கதான் நம்ம 44,100 வருது. வீடியோ என்பது கோடு கோடாகப் பதிவது. ஒரு கோட்டில் ஒரு காதுக்கு 3 எண் வைக்கலாம். ஜப்பான், அமெரிக்க முறையில் நொடிக்கு 60 தடவை, ஒவ்வொன்றிலும் பயன்படுத்தக்கூடிய கோடு 245. பெருக்கிப் பாருங்க: 245 × 60 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் நொடிக்கு 50 தடவை, 294 கோடு. 294 × 50 × 3. அதுவும் 44,100. இரண்டு ஊர் டிவிக்கும் ஒரே எண் பொருந்தி வந்ததால் அதுவே நின்றது. காதைப் பார்த்து முடிவு செஞ்சது 40,000 வரைக்கும்தான், மிச்சம் 4,100 டிவி கணக்கு. ஆங்கிலேயர் காலத்து சங்கிலி அளவுல போட்ட வரப்புல இன்னிக்கும் நாம ஹெக்டேர் கணக்கு எழுதுற மாதிரிதான் இதுவும்.

அடுத்தது, அளந்ததை எத்தனை நுணுக்கமாக எழுதுவது என்கிற சண்டை. பிலிப்ஸ் நிறுவனம் 1979 மார்ச் 8 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவனில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, பதினொன்றரை சென்டிமீட்டர் தட்டு ஒன்றில் பாட்டு ஓட்டிக் காட்டியது. அவர்கள் நினைத்தது 14 பிட். பிறகு சோனியோடு கைகோத்தபோது சோனி 16 பிட் என்று பிடிவாதமாக நின்றது. கடைசியில் 16-தான் ஜெயித்தது. தட்டும் 12 சென்டிமீட்டர் ஆனது.

14-க்கும் 16-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? தராசை நினைச்சுக்குங்க. எடைக்கல் வரிசை 1 கிராம், 2, 4, 8 என்று ஒவ்வொன்றும் முந்தினதைப் போல இரண்டு மடங்கு. இப்படி 16 கல் இருந்தா, 0-ல இருந்து 65 கிலோ 535 கிராம் வரைக்கும் ஒரு கிராம் விடாம எந்த எடையையும் நிறுத்திடலாம். எந்தக் கல்லை வைக்கணும், எதை எடுக்கணும்னு சொல்றதுதான் 16 பிட். பழைய வகை டாக் அப்படியே இந்தத் தராசுதான், கல்லுக்குப் பதில் மின்னோட்டம்.

சிக்கல் பெரிய கல்லில். அது 32 கிலோ 768 கிராம். அதில் ஒரு கிராம் கூடக்குறைய இருந்தால், சின்னக் கல்லு இருந்தும் இல்லாத கணக்கு. 32 கிலோ கல்லை ஒரு கிராம் பிசகாமல் வார்க்கணும், அதுவும் ஒரு சிலிக்கான் துண்டில், லட்சக்கணக்கில்.

இதுல இன்னொரு கொடுமையும் இருக்கு. ஒலி அலை என்பது நடுவுல இருந்து மேலயும் கீழயும் ஆடுறது. அந்த நடு இடம் எது? சின்னக் கல்லு 15-ஐயும் ஒரேயடியா இறக்கிட்டு, அந்தப் பெரிய கல்லை ஏத்துற இடம். ஆக, ஆட்டம் பெரிசா இருக்கிற சத்தமான பாட்டுல பிழை அமுங்கிப் போயிடும். தாலாட்டு மாதிரி மெல்லிசா, நடுவையே சுத்திச் சுத்தி ஆடும்போதுதான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிழை மேல ஏறி இறங்கணும். ஆரம்பகால சிடி பிளேயர்களைக் கேட்டுட்டு "மெல்லிசான இடம் கரகரங்குது"ன்னு சொன்னவங்க எல்லாரும் கற்பனை பண்ணிச் சொல்லலை.

பிலிப்ஸில் ரூடி வான் டி பிளாஸ்கே என்பவர் இதற்குக் கண்ட வழியைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்ம ஊர் முறைத்தண்ணி! ஒரே கிணத்துல பங்கு உள்ள ரெண்டு பங்காளி. வாய்க்காலைச் சரிபாதியா வெட்ட யாராலயும் முடியாது, ஒரு பக்கம் எப்பவும் கொஞ்சம் கூடுதலா ஓடும். என்ன பண்ணுவாங்க? இன்னிக்கு இந்தப் பக்கம் உனக்கு, நாளைக்கு எனக்கு. மாத்தி மாத்தி விட்டா மாசக் கடைசியில ரெண்டு பேருக்கும் சமம். அவரும் அதைத்தான் செஞ்சார். மின்னோட்டத்தைத் தோராயமாக இரண்டாகப் பிரி, இரண்டு பாதியையும் மிக வேகமாக இடம் மாற்றிக்கொண்டே இரு, சராசரி துல்லியமாகச் சமம் ஆகிவிடும். 1976-ல் கட்டுரையாக எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் டிடிஏ1540 என்கிற 14 பிட் சிப்.

ஆனால் ஒப்பந்தம் 16 பிட் ஆயிற்றே, கையில் இருப்பதோ 14. பிலிப்ஸ்காரர்கள் இன்னொரு தந்திரம் செய்தார்கள். 44,100-ஐ நாலால் பெருக்கி, இடையிடையே கணக்குப் போட்டுப் புள்ளிகளை நிரப்பி, நொடிக்கு 1,76,400 தடவை அந்தச் சிப்புக்குக் கொடுத்தார்கள். 14 பிட்டில் அடங்காத மிச்சத்தைத் தூக்கி எறியவில்லை, அடுத்த கணக்கில் சேர்த்தார்கள். பால் ஊத்துற இடத்துல இன்னிக்கு 40 காசு சில்லறை இல்லைன்னா நாளைக் கணக்குல சேர்த்துக்குவாங்கல்ல? தினக் கணக்கு ரூபாயிலதான் இருக்கும், ஆனா வாரக் கணக்கு காசு வரைக்கும் சரியா வரும். அதே வழிதான். இல்லாத 2 பிட்டை வேகத்தை வைத்து வாங்கிவிட்டார்கள்.

சோனி வேறு வழியில் போனது. 1982 அக்டோபர் 1-ந் தேதி ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு வந்த சிடிபி-101 என்ற பிளேயரில் 16 பிட் டாக் இருந்தது. ஆனால் ஒன்றே ஒன்று. இடது காதுக்கு ஒரு தடவை, வலது காதுக்கு ஒரு தடவை என்று அதே ஒன்று மாறி மாறி வேலை செய்தது. இரண்டு காதுக்கும் நடுவில் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதம். கணக்குப் போட்டால் ஒரு ஸ்பீக்கரை 4 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினதுக்குச் சமம். அது ஒரு பொருட்டா என்று கேட்டால், என் கணிப்பில் இல்லை. ஆனா உலகத்தின் முதல் சிடி பிளேயரிலேயே டாக்குக்குக் கஞ்சத்தனம் பண்ண வேண்டியிருந்துச்சுன்னா, அன்றைக்கு அது எவ்வளவு அருமையான பொருளா இருந்திருக்கணும்!

டாக்கைத் தனிப் பெட்டியா விக்கிற பழக்கம் இந்தப் பத்து வருசத்துல வந்ததுதான். 1985 வாக்கில் பிலிப்ஸின் முழு 16 பிட் டிடிஏ1541 வந்தது. பழைய பிளேயர் வைத்திருந்தவர் அதைத் தூக்கிப் போடாமல், அதிலிருந்து எண்களை மட்டும் ஒரு வயரில் வெளியே எடுத்து, புதிய டாக்கில் கொடுக்கலாம். இங்கிலாந்தின் ஆர்காம் நிறுவனம் 1980-களின் கடைசியில் 'பிளாக் பாக்ஸ்' என்று கொண்டுவந்தது இப்படிப்பட்ட ஒன்று. அன்றைக்கு அது நியாயமான செலவு. பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் அளவுகோலிலும் தெரிந்தது, காதுக்கும் தெரிந்திருக்கும்.

அதே சமயத்துலதான் அந்த எடைக்கல் வித்தையையே ஓரமாக வைக்கிற வேலையும் ஆரம்பிச்சது. 16 கல் எதுக்கு, ஒரே கல்லு போதும், ஆனா லட்சக்கணக்கான தடவை வச்சு எடுன்னாங்க. சொட்டுநீர் போட்டவங்களுக்கு இது புரியும். வால்வு முழுசாத் திறந்திருக்கும் இல்லைன்னா முழுசா மூடியிருக்கும், பாதி என்பதே கிடையாது. எத்தனை நேரம் திறந்து எத்தனை நேரம் மூடுறோம்ங்கிறதுலதான் செடிக்குப் போற தண்ணி இருக்கு. ஒரே கல்லு என்பதால் கல்லுக்குக் கல்லு பொருந்தணும் என்கிற தொல்லையே இல்லை. பிலிப்ஸ் இதற்கு பிட்ஸ்ட்ரீம் என்று பெயர் வைத்தது. பொதுப் பெயர் டெல்டா சிக்மா. இன்றைய டாக்குகளில் பெரும்பாலானவை இந்த வம்சம், ஒன்றுக்குப் பதில் சில கற்களை வைத்துக்கொண்டு. துல்லியம் என்பது வார்க்கும் கைத்திறனில் இருந்து கணக்குக்கு மாறியது. கணக்கு மலிவு. விலை விழுந்தது.

நேரம் தவறுவது ஒண்ணுதான் மிச்சம் இருந்த தொல்லை. எண் சரியாக இருந்தும் நேரம் தப்பி வந்தால் அலை கோணிக்கொள்ளும். பழைய வயர் இணைப்பில் எண்ணோடு தாளமும் அனுப்புகிற பக்கத்திலிருந்தே வரும், அது தள்ளாடினால் டாக்கும் தள்ளாடும். யுஎஸ்பி டாக்குகள் இதைத் திருப்பிப் போட்டன. இப்போதெல்லாம் டாக் தன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "இவ்வளவு அனுப்பு, போதும் நிறுத்து" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. மடையில நிக்கிற ஆளு மோட்டார்க்காரனுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி.

ஆக, 1982-ல் மலையாக இருந்தது இன்னிக்கு வரப்பு உயரம்கூட இல்லை. போன்ல மாட்டுற ஒரு சின்னத் தொங்கல் வயருக்குள் இருக்கும் சிப் அந்தக் கால விலை உயர்ந்த பெட்டிகளை அளவில் தாண்டுகிறது. 16 பிட்டில் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி 96 டெசிபல். அமைதியான ஒரு அறையிலேயே 30 டெசிபல் இரைச்சல் இருக்கும். அதுக்குக் கீழே உள்ள நுணுக்கம் எங்க வீட்டுல தவளைக்கும் சில்வண்டுக்கும் போய்ச் சேரும். 60,000 ரூபாய்ப் பேச்சைக் கேட்டுட்டு என் வீட்டுக்காரம்மா, "ஏங்க, தவளை கத்தாம இருக்க ஏதாச்சும் பெட்டி விக்கிறாங்களா, அதைக் கேளுங்க"ன்னா.

சும்மா சொல்லலை, சோதிச்சும் பார்த்திருக்காங்க. பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த சோதனை 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வந்தது. உயர்தரத் தட்டிலிருந்து வரும் ஒலியை அப்படியே ஒரு தடவை, நடுவில் 16 பிட், 44,100 கணக்குக்குள் இறக்கி ஏற்றி ஒரு தடவை. எது எது என்று தெரியாமல் கேட்கணும். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். அவர்கள் எடுத்துக்கொண்ட தட்டுகளில் சிலது உண்மையிலேயே உயர்தரப் பதிவா என்று பிறகு கேள்வி எழுந்தது, அது நியாயமான கேள்விதான். ஆனாலும் கேட்டவர்கள் ஒவ்வொரு தட்டையும் மனதாரப் புகழ்ந்திருப்பார்கள், பெட்டியின் பெயர் தெரிந்திருந்தால்.

2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் அசாஹி கசெய் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. ஏகேஎம் என்ற பெயரில் டாக் சிப் வந்துகொண்டிருந்த இடம். எத்தனையோ கம்பெனிகள் சிப் கிடைக்காமல், பெட்டிக்குள் அமெரிக்காவின் இஎஸ்எஸ் சிப்பை வைத்து மறுபடி வடிவமைத்தார்கள். 'ஏகேஎம் என்றால் வெல்வெட், இஎஸ்எஸ் என்றால் கண்ணாடி' என்று பேசிக்கொண்டிருந்த உலகம் தொடர்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மறுபக்கம் அந்த பழைய டிடிஏ1541-ல் கிரீட முத்திரை போட்ட ரகத்துக்கு இன்னிக்கும் தேடல் இருக்கு, போலியும் இருக்கு. ஆசைக்கு வாங்குறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். வில்லுவண்டியை இன்னும் வச்சிருக்கிறவங்க நானும் பார்த்திருக்கேன். ஆனா அது வேகத்துக்காகன்னு யாரும் சொல்றதில்லை.

அப்ப எதைப் பார்த்து வாங்குறது? நான் பார்த்தது சிப்பின் பெயரை இல்லை, பின்பக்க ஓட்டைகளை. டிவியிலிருந்து, லேப்டாப்பிலிருந்து, போனிலிருந்து எண்கள் வரும் வழி எல்லாம் இருக்கா? ரிமோட்டில் சத்தம் கூட்டிக் குறைக்க முடியுமா? கடையில் இரண்டு பெட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினால் ஒன்றில் கவனமாக இருங்க. சத்தம் இம்மி அளவு கூட இருக்கிற பெட்டி காதுக்கு "தெளிவா" இருக்கிற மாதிரியே தோணும். சிடி காலத்திலிருந்து 2 வோல்ட் வெளியீடு என்பது வழக்கம், சிலர் அதற்கு மேலேயும் வைப்பார்கள். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்க.

கடைசியில 6,000 ரூபாய்க்குள்ள ஒண்ணு முடிஞ்சுது. மிச்சப் பணம் ஸ்பீக்கருக்குப் போனது. வித்தியாசம் ஊரறியத் தெரியறது அங்கதான். சித்தப்பா மகன் இன்னும் ஒத்துக்கலை, பொங்கலுக்கு வர்றப்ப அவன் பெட்டியையும் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். துணி போட்டு மூடிக் கேட்போம்.

கிராமத்து வீட்டுக்காரங்களுக்கும், நகரத்துல பழைய வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு. லேப்டாப்பில் சார்ஜர் மாட்டினதும் ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம் வந்தா, டாக்கைத் திட்டாதீங்க. எர்த் சரியில்லாத வயரிங்கில், இரண்டு கருவிக்கும் நடுவில் மின்சாரம் சுற்றிவருகிற 50 அதிர்வுச் சத்தம் அது. எங்க வீட்டு எர்த் குழியில உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்தினதுலயே பாதி குறைஞ்சுது. மீதிக்கு மருந்து தோஷிபா 1983-ல் கொண்டுவந்த டாஸ்லிங்க் என்ற ஒளி வயர். எண்கள் வெளிச்சமாகப் போகும், மின்சாரம் தாண்டவே முடியாது. டிவியின் பின்பக்கம் சின்னச் சதுர ஓட்டையில் சிவப்பு வெளிச்சம் தெரியுதே, அதுதான். இருநூறு முந்நூறு ரூபாய் வயர் போதும். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் நூல் என்பதால் சுள்ளென்று மடிக்காதீங்க, எலி போற பாதையில் தரையோட விடாதீங்க.